இடது கிராங்கில் ஒரு 'டக்': வீட்டு உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றின் பழுதும் சீரமைப்பும்

பின்னணி

சென்னையில் கடற்கரையை ஒட்டிய ஓர் அடுக்ககம். அங்கே 60 வயதைக் கடந்த ஒரு தம்பதி. மனைவிக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் தொடங்கியிருந்தது. தினமும் 20 நிமிடம், லேசான எதிர்ப்பில் சைக்கிள் மிதிக்கும்படி இயன்முறை மருத்துவர் சொல்லியிருந்தார். கணவருக்குச் சர்க்கரை. அவரும் மாலையில் அரை மணி நேரம் அதே வண்டியில்தான் மிதிப்பார். அவர் உயரம் 170 செ.மீ., மனைவியின் உயரம் 152 செ.மீ.

வண்டி நிமிர்ந்து உட்காரும் வகை. காந்த எதிர்ப்பு, 1 முதல் 8 வரை நிலைகள் கொண்ட திருகுகுமிழ், இரண்டு பேட்டரியில் ஓடும் சின்னத் திரை. வாங்கி மூன்று ஆண்டு ஆகியிருந்தது. ஃப்ரீவீல் கிடையாது. அதாவது கால் நின்றாலும் உள்ளே சுழலும் ஃப்ளைவீல் (கனமான சக்கரம்) பெடலைச் சேர்த்தே இழுக்கும். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரம் முக்கியம்.

அந்த ஆண்டு அவர்கள் வீடு மாறினார்கள். லிஃப்டில் நுழையவில்லை என்று ஹேண்டில் தண்டைக் கழற்றி, புது வீட்டில் மறுபடி மாட்டினார்கள். வண்டிக்குக் கிடைத்த இடம் கடலைப் பார்த்த பால்கனி.

புகார்கள் எழுந்த வரிசை

முதல் வாரத்திலேயே இரண்டு குறைகள். திரையில் வேகம் 0 என்றே நின்றது. பேட்டரி மாற்றியும் மாறவில்லை. திருகுகுமிழை எந்த நிலைக்குத் திருப்பினாலும் பெடல் காற்றில் சுற்றுவது போலவே இருந்தது. மருத்துவர் லேசாகத்தானே மிதிக்கச் சொன்னார் என்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் வாரத்தில் இடது பக்கம் ஒரு சத்தம் தொடங்கியது. கால் கீழே அழுந்தும்போது ஒரு 'டக்'. கிராங்க் தண்டின், அதாவது பெடலை அச்சோடு இணைக்கும் தண்டின், கழுத்தைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பொடி படிந்திருந்தது. கடல் காற்றில் துரு பிடித்திருக்கிறது என்று நினைத்துத் தையல் மெஷின் எண்ணெய் விட்டார்கள். இரண்டு நாள் சத்தம் அடங்கி, பிறகு திரும்பியது.

அடுத்து மகன் வந்து, வண்டியோடு வந்த தட்டை ஸ்பேனரால் கிராங்க் நட்டை முடிந்த மட்டும் முறுக்கினார். ஒன்பது நாள் அமைதி. பத்தாம் நாள் அதே 'டக்', முன்பைவிட உரக்க.

பிறகு ஒரு மெக்கானிக் வந்தார். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போயிடுச்சு சார்" என்றார். பேரிங், பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய் கேட்டார். இதற்குள் மனைவிக்கு முழங்காலின் முன்பக்கம், சில்லுக்குக் கீழே, வலி வரத் தொடங்கியிருந்தது. பணம் கட்டுவதற்கு முன் இன்னொருவரிடம் காட்டலாம் என்று முடிவானது.

பரிசோதனை

அப்படி வந்தவரும் வீட்டாரும் எதையும் கழற்றுவதற்கு முன் சத்தத்தை எண்ணினார்கள். வீட்டில் வண்டி பழுது பார்க்கும் எவரும் தவறாமல் செய்ய வேண்டிய வேலை இதுதான், செலவும் இல்லை. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் உள்ளே ஃப்ளைவீல் பல சுற்று சுற்றும். இந்த வகை வண்டிகளில் அது பெரும்பாலும் ஏழெட்டுச் சுற்றாவது இருக்கும். ஆகவே சத்தம் பெடலின் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வந்தால் கோளாறு பெடல், கிராங்க், கிராங்க் அச்சு, பெரிய புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) ஆகிய நான்கில் ஒன்றில் இருக்கும். ஒரு சுற்றுக்குள் பல தடவை கடகடத்தால் ஃப்ளைவீல், அதன் பேரிங், காந்தத் தாங்கி (எதிர்ப்பு தரும் காந்தத்தைப் பிடித்திருக்கும் பகுதி) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விட்டு விட்டு வரும் 'சர்' பெரும்பாலும் பெல்ட்டோ மூடியின் உரசலோதான். இங்கே சத்தம் சுற்றுக்கு ஒன்று, எப்போதும் இடது கால் அழுத்தும் நேரத்தில் மட்டும்.

ஆனால் காதை மட்டும் நம்பக் கூடாது. இரும்புச் சட்டமும் பிளாஸ்டிக் மூடியும் சத்தத்தை இடம் மாற்றிக் காட்டும். ஆகவே அடுத்தது கைச் சோதனை. ஒருவர் வலது கிராங்கை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் இடது கிராங்கைப் பெடல் பக்கமாகப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். இடது தண்டு மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆடியது, வலது தண்டு அசையவில்லை. பிறகு இரண்டு கிராங்கையும் பிடித்து வண்டியின் குறுக்குவாட்டில் தள்ளி இழுத்துப் பார்த்தார்கள். ஆட்டமே இல்லை. பேரிங் தேய்ந்திருந்தால் இந்த இரண்டாம் சோதனையில் இரு கிராங்கும் ஒன்றாக ஆடியிருக்கும். அச்சு உறுதியாக இருக்க, அதன் மேல் உட்கார்ந்த இடது தண்டு மட்டும் ஆடுகிறது என்றால் பழுது அந்த இரண்டும் சேரும் இடத்தில்தான். இதற்கு ஆனது ஒரு நிமிடம்.

கிராங்கின் பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்து, 14 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனரால் நட்டைக் கழற்றினார்கள். நல்ல நிலையில் உள்ள கிராங்க் நட்டைக் கழற்றிய பிறகும் இறுகியே நிற்கும், அதை எடுக்கக் கிராங்க் புல்லர் என்ற இழுக்கும் கருவி வேண்டும். இது கையோடு வந்துவிட்டது.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது கதை தெளிவானது. கிராங்கின் கண் சதுரத் துளை. அது வண்டிப் பக்கம் அகன்று, வெளிப்பக்கம் வர வரக் குறுகும். அச்சின் முனையும் அதே சரிவில் சீவிய சதுரம். நட்டை முறுக்கும்போது கிராங்க் அந்தச் சரிவில் ஆப்பு போல ஏறி இறுகுகிறது. பிடிப்பு முழுவதும் அந்த ஆப்பில்தான், நட் அதை அங்கே நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே. இந்தத் துளையின் நான்கு மூலைகளில் எதிரெதிரான இரண்டு மழுங்கி, கண்ணாடி போல மின்னின. மற்ற இரண்டில் பழைய கருமை அப்படியே இருந்தது. சுமை விழுந்த இடத்தில் உலோகம் நசுங்கியிருக்கிறது. துளைக்குள் எண்ணெயில் குழைந்த பழுப்புப் பொடி. அது கடல் காற்றின் துரு அல்ல. இரண்டு இரும்புப் பரப்புகள் நுண்ணிய அளவில் ஓயாமல் உரசும்போது உதிரும் துகள் துருப்பிடித்துப் பொடியாகும். வண்டியின் மற்ற நட்டுகளில் துரு பரவலாக ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கே மட்டும் அது மாவு போலக் கையோடு வந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

மகன் இறுக்கியது ஏன் ஒன்பது நாள்தான் தாங்கியது என்பதும் இங்கேயே தெரிந்தது. தேய்ந்த கிராங்கை அச்சில் கையால் தள்ளி உட்கார வைத்தால், அச்சின் சதுர முனை கிராங்கின் வெளி முகத்தோடு சமமாக வந்து நின்றது. சரியான பொருத்தத்தில் அது இரண்டு மூன்று மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். சமமாக வந்துவிட்டால் நட் அச்சின் முனையில்தான் போய் முட்டும், கிராங்கை அழுத்தாது. கைக்கு இறுகியது போலத் தெரியும், கிராங்க் இறுகாது. இந்த நிலைக்கு வந்த கிராங்கை எவ்வளவு பலமாக முறுக்கினாலும் பயன் இல்லை.

கருவியிலும் ஒரு குறை உண்டு. இந்த நட்டுக்கு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். வண்டியோடு வந்த தட்டை ஸ்பேனரின் நீளம் 12 செ.மீ. அதன் முனையில் 34 கிலோ எடையளவு அழுத்தினால்தான் 40 நியூட்டன் மீட்டர் வரும். கை வலித்து விட்டுவிடுவோம். 25 செ.மீ. கைப்பிடி உள்ள பாக்ஸ் ஸ்பேனரில் அதே வேலைக்கு 16 கிலோ போதும்.

எதிர்ப்பும் திரையும்

ஹேண்டில் தண்டின் அடியில் இருந்த நான்கு போல்ட்டையும் கழற்றித் தண்டைத் தூக்கியதும் மற்ற இரண்டு புகார்களுக்கும் விடை கிடைத்தது.

எதிர்ப்புக் கேபிள் இரண்டு துண்டு. குமிழிலிருந்து இறங்கும் மேல் கேபிளின் நுனியில் ஒரு சின்ன ஈயக் குண்டு. கீழிருந்து, அதாவது காந்தத் தாங்கியிலிருந்து, வரும் கேபிளின் நுனியில் ஒரு கொக்கியும் பிளவு போட்ட ஓர் இரும்புத் தகடும். குண்டைக் கொக்கியில் மாட்டுவது பாதி வேலை. பிறகு மேல் கேபிளின் உறையை மேலே இழுத்து, உறையின் நுனி தகட்டின் பிளவில் பதிந்து நிற்கும்படி செருக வேண்டும். வீடு மாறியபோது குண்டை மாட்டினார்கள், உறையைப் பதிக்க விட்டுவிட்டார்கள். அதனால் குமிழைத் திருப்பும்போது உள்கம்பியும் உறையும் சேர்ந்தே நகர்ந்தன, காந்தத்துக்கு எந்த இழுப்பும் போகவில்லை. இந்த வண்டியில் இழுப்பு இல்லாவிட்டால் ஸ்பிரிங் காந்தத்தை ஃப்ளைவீலை விட்டு விலக்கி வைக்கும். அதனால்தான் பெடல் காற்றில் சுற்றியது.

சென்சார் ஒயர் தண்டின் விளிம்புக்கும் கீழ்க் குழாய்க்கும் நடுவே சிக்கி நசுங்கியிருந்தது. சென்சார் என்பது ஒரு ரீட் சுவிட்ச். பெரிய புல்லியில் ஒட்டிய காந்தம் அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் சுவிட்ச் ஒரு கணம் மூடித் திறக்கும். கிராங்கின் ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு. திரை அந்தத் துடிப்பை எண்ணித்தான் வேகமும் தூரமும் காட்டுகிறது. (ஆகவே ஒரு வண்டியில் 5 கி.மீ., இன்னொன்றில் 8 கி.மீ. என்று ஒப்பிடுவதில் பொருள் இல்லை.) மல்டிமீட்டரைத் தொடர்ச்சி ஒலியில் (மின் இணைப்பு இருந்தால் 'பீப்' ஒலிக்கும் நிலையில்) வைத்து, கீழிருந்து வரும் ஒயரின் முனையில் பிடித்துக் கிராங்கைச் சுற்றினார்கள். ஒலி இல்லை. நசுங்கிய இடத்துக்குக் கீழே இன்சுலேஷனைச் சுரண்டி அங்கே பிடித்தபோது சுற்றுக்கு ஒரு 'பீப்' வந்தது. சென்சார் நலம், ஒயர்தான் அறுந்திருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பேரிங்கைத் தொடுவதில்லை என்பது முதல் முடிவு. ஆட்டம் இல்லை, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது கரகரப்பும் இல்லை. பேரிங் மாற்ற வலது கிராங்கையும் புல்லர் போட்டு எடுத்து, இரு மூடிகளையும் பிரித்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். நன்றாக உள்ள ஓர் அமைப்பைக் கலைத்தால், பெல்ட் இறுக்கத்தை மறுபடி சரிபார்க்கும் வேலை புதிதாகச் சேரும். பெல்ட் நழுவுகிறதா என்பதை மூடியைத் திறக்காமலே பார்க்கலாம். கேபிளைச் சரிசெய்த பின் குமிழை 8-இல் வைத்துப் பெடலை வேகமாக மிதித்தார்கள். காலுக்கு வழுக்கலோ உதைப்போ தெரியவில்லை. பெல்ட்டும் நலமே.

இரண்டாவது, கிராங்கை மாற்றுவது. துளைக்கும் அச்சுக்கும் நடுவே மெல்லிய தகரம் வெட்டிச் செருகி இறுக்கும் வழக்கம் உண்டு. சில வாரம் ஓடும். ஆனால் தகரம் நசுங்க நசுங்க உரசல் தொடரும், அது அடுத்து அச்சின் மூலைகளைத் தின்னும். இங்கே அச்சின் மூலைகள் இன்னும் கூராக இருந்தன, தேய்ந்தது கிராங்க் மட்டுமே. அச்சும் போனால் செலவு பல மடங்கு. இடைக்கால வைத்தியம் நிலைமையை மோசமாக்கும் இடம் இது. வெல்டிங் வைக்கலாம் என்றும் யாரோ சொன்னார்கள். வைத்தால் பிறகு எந்தக் காலத்திலும் பேரிங் மாற்ற முடியாது.

மூன்றாவது, வண்டி சரியாகும் வரை யாரும் மிதிப்பதில்லை. இது கண்டிப்பாகச் சொல்லப்பட்டது. தளர்ந்த கிராங்கில் மிதிக்கும் ஒவ்வொரு நாளும் தேய்மானம் அச்சுக்குப் பரவலாம். மிதிக்கும்போது தண்டு கழன்று விழுந்தால் அந்த வயதில் எலும்பு முறிவு எளிதில் நேரும்.

செய்த வேலை

சைக்கிள் உதிரிபாகக் கடையில் வாங்கிய முதல் கிராங்க் பொருந்தவில்லை. சதுரத் துளையும் 170 மி.மீ. நீளமும் சரியாக இருந்தன, ஆனால் பெடல் திருகும் துளை 1/2 அங்குலம். வண்டியின் பெடல் அச்சு 9/16 அங்குலம். பழைய கிராங்கையும் பெடலையும் கையோடு எடுத்துப் போயிருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது. மாற்றி வாங்கும்போது மூன்று அளவுகளை ஒப்பிட்டார்கள்: சதுரத்தின் மையத்திலிருந்து பெடல் துளையின் மையம் வரை உள்ள நீளம், பெடல் துளையின் விட்டம், தண்டு வெளிப்பக்கம் வளையும் அளவு. வளைவு குறைந்தால் தண்டு மூடியில் உரசும். நீளம் மாறினால் இரண்டு காலும் வெவ்வேறு வட்டத்தில் சுற்றும், முழங்கால் நோவு உள்ளவருக்கு அது ஆகாது. விலை 450 ரூபாய்.

அச்சின் சதுர முனையை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, பழைய எண்ணெயும் பொடியும் ஒரு துளிகூட இல்லாமல் காயவைத்தார்கள். புதுக் கிராங்கை வலது கிராங்குக்கு நேர் எதிராக, 180 பாகையில் வைத்துக் கையால் தள்ளினார்கள். சதுர முனை வெளி முகத்திலிருந்து ஏறக்குறைய 4 மி.மீ. உள்ளே நின்றது. நட்டின் மரையில் மட்டும் நடுத்தர வலுவுள்ள நீல நிறப் பூட்டுப் பசை இரண்டு சொட்டு. சரிவுப் பரப்பில் பசை போடவில்லை. முறுக்கை அளந்து இறுக்க உதவும் டார்க் ரெஞ்சை இரவல் வாங்கி, அதில் 40 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கினார்கள். இறுகிய பின் முனை இன்னும் 3 மி.மீ. உள்ளே இருந்தது. நட்டின் மேலும் கிராங்கின் மேலும் சேர்ந்தாற்போல் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டார்கள். நட் அசைந்தால் கோடு உடையும், பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

இடது பெடலின் மரை தலைகீழ். அச்சு நுனியில் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்க்காமல் வலது பெடலை இடது துளையில் திருகினால் புதுக் கிராங்கின் மரை அன்றே போய்விடும். பக்கம் குழம்பாமல் இருக்க ஒரு வழி உண்டு. 15 மி.மீ. ஸ்பேனரின் கைப்பிடி மேலே நிற்கும்படி வைத்து, ஹேண்டில் பக்கமாகத் தள்ளினால் இரு பெடலும் இறுகும், சீட் பக்கமாக இழுத்தால் இரண்டும் கழலும். முதல் நாலைந்து சுற்று ஸ்பேனர் இல்லாமல் விரலால்தான் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். கழற்றிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

ஒயரில் நசுங்கிய பகுதியை வெட்டி எறிந்து, இரண்டு இழையையும் ஒரே இடத்தில் அல்லாமல் 2 செ.மீ. தள்ளித் தள்ளிச் சால்டர் செய்து, சுருங்கும் உறை போட்டார்கள். கேபிளை மாட்ட, முதலில் குமிழை 1-இல் வைத்தார்கள். உள்கம்பி மிக நீளமாக வெளியே வருவது அப்போதுதான். குண்டைக் கொக்கியில் கோத்து, உறையை இழுத்துத் தகட்டின் பிளவில் பதித்து, குமிழை 8 வரை ஒருமுறை திருப்பிக் கீழ்க் கேபிள் நகர்வதைக் கண்ணால் பார்த்த பிறகே தண்டை இறக்கினார்கள். இறக்கும்போது ஒருவர் தண்டைத் தாங்க, மற்றவர் ஒயரை மேலே இழுத்தபடியே இருந்தார்.

சீட்டின் உயரம்

வண்டி சரியாகியும் முழங்கால் வலிக்கு விடை மீதி இருந்தது. சீட் இரண்டாம் துளையில் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, உட்கார்ந்தபடியே கால் தரையில் பட வேண்டும், இல்லாவிட்டால் ஏற பயமாக இருக்கிறது என்றார் மனைவி. பெரியவர்கள் உள்ள வீடுகளில் சீட் தாழ்ந்தே கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சீட் தாழ்ந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் மிக ஆழமாக மடங்குகிறது, அந்த மடங்கிய நிலையிலேயே அழுத்தமும் விழுகிறது. சில்லுக்குப் பின்னால் சுமை கூடுவது அப்போதுதான்.

செருப்பில்லாமல் உட்கார்ந்து, பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் குதிகாலை அதன் மேல் வைத்துப் பார்த்தார்கள். இடுப்பு சாயாமல் முழங்கால் சரியாக நேராகும் உயரம்தான் வேண்டியது. பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கி நிற்கும். மனைவிக்கு நான்காம் துளை, கணவருக்கு ஏழாம் துளை சரியாக வந்தன. சீட் குழாயில் சிவப்பு, நீல நாடா ஒட்டி இரண்டையும் குறித்தார்கள். ஏறுவதற்கு இடது பக்கம் வீட்டில் இருந்த ஒரு மரமணையைப் போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் சீட்டைத் தாழ்த்தச் சொல்லவில்லை.

பின்தொடர்ந்து பார்த்தது

முதல் அரை மணி நேர மிதிப்புக்குப் பின் நட்டை மறுபடி 40-இல் சோதித்தபோது எட்டில் ஒரு பங்கு சுற்று ஏறியது. புதுக் கிராங்க் சரிவில் படிந்து உட்காருவதால் இது இயல்பே. பழைய கோட்டை அழித்துப் புதுக் கோடு போட்டார்கள். ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் பார்த்தபோது கோடு உடையவில்லை. மூன்று மாதம் கழித்தும் சத்தம் இல்லை, பழுப்புப் பொடியும் இல்லை. மொத்தச் செலவு, பசையும் சுருங்கும் உறையும் சேர்த்து, 700 ரூபாய்க்குள் முடிந்தது.

மனைவியின் வலி மூன்று வாரத்தில் குறைந்தது. அதே நாட்களில் இயன்முறை மருத்துவர் தொடைக்கான பயிற்சிகளையும் மாற்றியிருந்தார், ஆகவே எல்லாம் சீட்டால்தான் என்று சொல்லிவிட முடியாது. இப்போது அவர் 2-ஆம் நிலையில் மிதிக்கிறார்.

கிராங்க் தளர்ந்ததற்கான கணிப்பு இது: தொடக்கத்திலேயே நட் போதுமான அளவு இறுகியிருக்கவில்லை. மூன்று ஆண்டு அது எப்படியோ தாங்கியது. எதிர்ப்பு அற்றுப்போன பிறகு இருவரும் வேகமாக மிதித்தார்கள், நிறுத்தும்போது ஃப்ளைவீலைக் காலாலேயே எதிர்த்துப் பிடித்தார்கள். ஃப்ரீவீல் இல்லாத வண்டியில் அந்தப் பிடிப்பு கிராங்கைத் தலைகீழ்த் திசையில் முறுக்குகிறது. முன்னும் பின்னும் மாறி மாறி விழுந்த அந்தச் சுமை, ஏற்கெனவே தளர்ந்த ஆப்பை ஐந்தே வாரத்தில் ஆட்டிவிட்டது. கேபிளை விட்டதும் கிராங்க் போனதும் தனித்தனிச் சம்பவங்கள் அல்ல என்றே தோன்றுகிறது.

மறுபடி நேர்ந்தால் மாற்றிச் செய்ய வேண்டியவை

எதிர்ப்பு வேலை செய்யவில்லை என்று தெரிந்த முதல் நாளிலேயே ஹேண்டில் தண்டைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். நான்கு போல்ட், பத்து நிமிடம். தண்டைக் கழற்றும் முன் கேபிள் மாட்டியிருந்த விதத்தைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்திருந்தால் அதுவும் தேவைப்பட்டிருக்காது.

'டக்' கேட்ட அன்றே மிதிப்பதை நிறுத்தி நட்டை முறையாக இறுக்கியிருந்தால் பழைய கிராங்கே பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. எண்ணெய் விட்டது இரண்டு நாள் சத்தத்தை மறைத்தது, அந்த இரண்டு நாளும் துளை தேய்ந்துகொண்டே இருந்தது. மூட்டு இறுகி நிற்க வேண்டிய இடத்தில் எண்ணெய் விடக் கூடாது.

வலது கிராங்க் நட்டைப் பழுது பார்த்த அன்று சோதிக்க மறந்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது அதுவும் கால் சுற்று ஏறியது. ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் மறு பக்கத்தையும் அன்றே பார்த்திருக்க வேண்டும். இப்போது அதன் மேலும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. வண்டியைப் பால்கனியிலிருந்து கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.